இரவல் கனவு

கும்மிடிப்பூண்டி
10-6-2024

அடி நண்டு,

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதே. எரிகிற கற்பூரத்தின் மேல் கை வைத்து நீ பண்ணிய சத்தியம் என்னோடு பேச மாட்டேன் என்பதுதான். படிக்க மாட்டேன் என்று பண்ணவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த அத்தனை பேரும் சாட்சி. "இனிமே இவ கூட வாய் தொறந்து ஒரு வார்த்த பேசினேன்னா நான் எங்கண்ணனுக்குத் தங்கச்சியே இல்ல" என்றாய். வாய் திறந்து. அதனால்தான் போன் பண்ணாமல் எழுதுகிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்த கை. கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் ஊரை விட்டு வந்துவிட்டேன். ஏரிக்கரையில் உன் அண்ணன் ஏறாத படகைத் தினமும் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஒரு ரூம் வீடு, தண்ணீர் உண்டு. கம்பெனி பஸ் தெருமுனைக்கே வருகிறது. முனையில் இட்லிக்கடை போடுகிற அம்மா என்னைப் பார்த்ததும் கேட்காமலேயே கார சட்னியை ஊற்றுகிறாள். குறை ஒன்றும் இல்லை. வயிறு நிறைகிறது, தூக்கமும் வருகிறது. தூக்கத்தில்தான் ஒன்றுமே வருவதில்லை.

அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கவரைப்பேட்டை டீக்கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். 'உங்கள் கனவைச் சொல்ல வாருங்கள். ஞாயிறு மாலை, சமுதாயக் கூடம்.' பல்லி விழுந்தால் பலன் சொல்வார்களே, அதுபோலக் கனவுக்குப் பலன் சொல்கிறவர்கள் என்று நினைத்தேன். பலன் சொல்கிறவருக்கு, செத்தவரைக் கனவில் வரவழைக்கவும் வழி தெரிந்திருக்கும் இல்லையா? தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மேலே ஒரு ஐம்பது ரூபாய் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே சாமியாரும் இல்லை, பூசாரியும் இல்லை. வட்டமாக நாற்காலி போட்டு எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கிறிஸ்டினா என்று ஒரு மேடம். சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர். முடியைக் கட்டையாக வெட்டியிருக்கிறார், குரல் மட்டும் நல்ல மெத்தென்ற குரல். என் தட்டைப் பார்த்துவிட்டு அவர் சிரிக்கவில்லை. ஐம்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழத்தை எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தார்.

"நான் பலன் சொல்றவ இல்லம்மா. மனசுக்கு அடியில இன்னொரு மனசு இருக்கு. ஆழ்மனசு. பகல்ல நாம அதைப் பேச விடறதில்ல. அது கனவுல பேசும். அதை நாலு பேரா உட்கார்ந்து கேட்கறோம். அப்புறம் படமா வரையறோம், களிமண்ணுல பண்றோம். அவ்வளவுதான்" என்றார்.

பாதி புரிந்தது. ஆனால் எனக்கு அந்த வட்டம் பிடித்துப் போயிற்று. கிரேன் ஓட்டுகிற ஜெகன் என்று ஒரு பையன், நாற்பது வயசுப் பையன், கிரேன் தன்னையே தூக்கிக்கொண்டு போவதாகக் கனவு சொன்னான். யாரும் கேலி பண்ணவில்லை. என்னிடம் கேட்டார்கள். எனக்குக் கனவே வருவதில்லை என்றேன். போன ஐப்பசியில் அவர் வலை இழுத்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து ஒரு தடவைகூட வரவில்லை, நண்டு. அவர் லுங்கியைத் தலைக்கு வைத்துப் படுத்துப் பார்த்தேன். அவர் படுக்கிற பக்கமாகப் படுத்துப் பார்த்தேன். என்னிடம் வருவதில்லை. உன்னிடம்தான் வருகிறார்.

காரியத்தன்று அத்தனை பேர் நடுவில் நீ சொன்னாயே, அண்ணன் கனவில் வந்து பசிக்கிறது என்று கேட்டதாக. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். செத்தவன் பசி என்று வந்தால் படையலில் குறை, படைத்தவள் பொண்டாட்டி. எனக்கு வந்த கோபத்தில் பொய் சொல்றா என்று கத்திவிட்டேன்.

அந்தக் கனவை எனக்கு இரவல் கொடு. பக்கத்து வீட்டில் ஒரு ஆழாக்கு அரிசி கேட்பது போலத்தான் கேட்கிறேன். அதை வைத்துக்கொண்டாவது அவரைக் கொஞ்சம் பார்க்கிறேன்.

உன் அண்ணி,
மணியம்மாள்

ஆரம்பாக்கம்
19-6-2024

அண்ணி அவர்களுக்கு,

கல்பனா எழுதுவது. தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே நாங்கள் அனைவரும் நலம்.

தபால்காரர் கடிதத்தை என் மாமியார் கையில் கொடுத்துவிட்டார். "இன்னாமே இது, கோர்ட்டு நோட்டீசா?" என்று கேட்டு வாசலையே கூட்டிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பரணிதரன் உறையில் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "உங்க அண்ணி மூளைக்காரிதான். சத்தியத்துல சந்து கண்டுபுடிச்சிக்கினு வந்துட்டாங்க பாரு" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று பொய் என்று சொன்னீர்கள். இன்று அந்தப் பொய்யை இரவல் கேட்கிறீர்கள். அது எப்படி? நான் உங்களை அவமானப்படுத்தவா அதைச் சொன்னேன்? விடிந்ததும் பதறிப்போய் ஓடி வந்தேன். என் அண்ணன் பசி என்று கேட்டது. அதை எங்கள் வீட்டில் சொல்லாமல் வேறு எங்கே போய்ச் சொல்வேன்?

அந்தக் கனவைத் தர மாட்டேன். கேட்டதற்காகச் சின்னதாக ஒன்று தருகிறேன். ஆனால் உங்கள் கனவு என்று சொல்லக் கூடாது. என் பெயரைச் சொல்லித்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் வயலில் நாற்று நட்டு முடித்திருக்கிறோம். அண்ணனுடைய படகு வயல் நடுவில் கவிழ்த்துப் போட்டிருக்கிறது. அதன் மேல் உட்கார்ந்து வலை பின்னுகிறது. பச்சைப் பசேல் என்று நாற்று, அதற்கு நடுவில் நீலப் படகு. என் மாமியார் வரப்பில் நின்றுகொண்டு, "எப்பா, காலக் கயுவிக்கினு ஊட்டுக்குள்ள வா, சேறு" என்று சத்தம் போடுகிறார்கள். அண்ணன் காலைக் கழுவவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. சிரிக்கிறது. அவ்வளவுதான்.

இப்படிக்கு,
கல்பனா பரணிதரன்

கும்மிடிப்பூண்டி
1-7-2024

நண்டு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். முள் போலக் குத்துகிறது. ஆறு வயசில் என் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டிலேயே நடந்தவள் நீ. கல்யாணப் பெண்ணாக வந்த என்னை ஒரு வாரம் நடக்க விடவில்லை. நண்டு என்று பெயர் வைத்ததே அதனால்தான். பரவாயில்லை. குத்தினாலும் வந்து சேர்ந்தாயே.

உன் கனவைக் கொண்டு போனேன். ஆரம்பாக்கத்தில் இருக்கும் என் நாத்தனார் கல்பனாவின் கனவு என்று உன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். அடுத்தவர் கனவைக் கொண்டு வரலாமா என்று தாவீது சார் கேட்டார். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், எதற்கும் ரூல் கேட்பார். கிறிஸ்டினா மேடம் கொஞ்சம் யோசித்தார். "கொடுத்தவங்க தெரிஞ்சு கொடுத்திருக்காங்க. மரியாதையா வச்சுப்போம். ஆனா இதுக்கு அர்த்தம் இதுதான்னு அவங்க இல்லாம நாம யாரும் சொல்லக்கூடாது" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

அங்கே ஒரு வழக்கம். கனவில் யார் வந்தார்கள், என்ன பொருள் வந்தது என்று பார்த்து, ஆளுக்கு ஒன்றாக மாறிப் பேச வேண்டும். படகு என்றால் படகாகவே பேச வேண்டும். நாற்று என்றால் நாற்றாக. ஜெகன் உன் மாமியாராக வந்தான். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஊரெல்லாம் மிதிச்ச கால வச்சிக்கினு ஊட்டுக்குள்ள வர்றான் பாரு!" என்று கத்தினான். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஐப்பசிக்கு அப்புறம் எனக்குச் சத்தமாகச் சிரிப்பு வந்தது அன்றைக்குத்தான். வாயைப் பொத்திக்கொண்டேன். மேடம், "ஏன் பொத்தறீங்க?" என்றார். கையை எடுத்துவிட்டேன்.

பிறகு ஆளுக்கு ஒரு தாளும் மெழுகுக் கலரும் கொடுத்தார்கள். கையில் பென்சில் பிடித்தே எத்தனை வருஷம்! பச்சையை அப்பு அப்பு என்று அப்பி, நடுவில் நீலப் படகு போட்டேன். வரப்பில் உன் மாமியாரை நிறுத்தினேன். அவரை வரைய வரவில்லை. ஒரு கோடு இழுத்து அதற்கு மேல் துண்டு மட்டும் கட்டிவிட்டேன். துண்டு நன்றாக வந்தது. பார்த்தால் அவர் என்று நீ சொல்வாய்.

மேடம் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார். கனவில் அண்ணன் இருக்கிறார், மாமியார் இருக்கிறார், படகும் இருக்கிறது. நீ எங்கே நின்றாய்?

நானும் ஒன்று கேட்கிறேன், இது மேடம் சொன்னது இல்லை. இத்தனை தடவை வந்தாரே, ஒரு தடவையாவது என்னைக் கேட்டாரா?

மணியம்மாள்

ஆரம்பாக்கம்
9-7-2024

அண்ணி,

என் மாமியாராக ஒரு ஆம்பளை வந்து பேசினானாமே! பரணிதரனுக்குப் படித்துக் காட்டினேன். மோட்டார் கொட்டகையில் போய்த் தனியாகச் சிரித்துவிட்டு வந்தார். மாமியாரிடம் மட்டும் சொல்லவில்லை.

உன் மேடம் கேட்ட கேள்வியைப் படித்ததும் ரெண்டு நாள் யோசித்தேன். நான் எங்கே நின்றேன் என்று நினைத்ததே இல்லை. சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கையில் காலித் தட்டு. எதற்குத் தட்டு என்று தெரியவில்லை.

நீ கேட்டதற்கும் சொல்லிவிடுகிறேன். அண்ணன் உன்னைக் கேட்கவில்லை, ஒரு தடவைகூட. கேட்டதாக எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும், தெரியும். ஆனால் பொய் என்று ஒரு தடவை பேர் வாங்கியாயிற்று. இன்னொரு தடவை வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகு அதை மட்டும் ஏன் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்? எடுத்துக்கொள்.

எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கதவு. வெளியே மழை. அண்ணன் நனைந்துபோய் நிற்கிறது. வாசல்படி தாண்டி வரவில்லை. "நண்டு, பசிக்குதுமே" என்கிறது. நான் ஓடிப்போய்ச் சட்டியைத் திறக்கிறேன். சோறு. அடுத்த சட்டியைத் திறக்கிறேன். அதிலும் சோறு. எத்தனை சட்டி திறந்தாலும் வெள்ளை வெள்ளையாகச் சோறுதான். குழம்பு எதிலும் இல்லை. கடைசியில் ஒரு மண்சட்டி, நம் வீட்டுச் சட்டி, விளிம்பில் உடைந்தது. அதைத் திறப்பதற்குள் முழிப்பு வந்துவிடும்.

காரியத்துக்கு முன்னால் வந்தது முதல் தடவை. அப்புறமும் வந்துகொண்டுதான் இருக்கிறது. போன வாரமும் வந்தது. நீ படையல் போடுகிறாயா இல்லையா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அண்ணன் பசி இன்னும் ஆறவில்லை, அண்ணி. எனக்குப் பயமாக இருக்கிறது.

கல்பனா

கும்மிடிப்பூண்டி
22-7-2024

என் கண்ணு நண்டு,

படையல் போடாமல் இருப்பேனா? நீ காரியத்தன்று சொன்னதற்கு அப்புறம் மாதா மாதம் போட்டேன். உன்னைப் பொய் என்று வாயால் சொன்னேனே ஒழிய மனசு கேட்கவில்லை. முதல் மாதம் மடவை மீன் குழம்பு. அடுத்த மாதம் இறால். அப்புறம் இரண்டும். டீ வைத்தேன், பீடிக்கட்டு வைத்தேன். காக்கை கூப்பிட்டதும் வந்தது, நன்றாகத்தான் தின்றது. இன்னும் என்ன குறை என்று மண்டையை உடைத்துக்கொண்டேன்.

நேற்று அந்தக் கனவை வட்டத்தில் வைத்தேன். யார் எதுவாகப் பேசுவது என்று வந்தபோது, நான் அந்த உடைந்த சட்டியாகிறேன் என்றேன். நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். சட்டி தரையில்தானே இருக்கும். மேடம் கேட்டார்.

"சட்டியம்மா, உள்ள என்ன வச்சிருக்கீங்க?"

"மடவக் கொயம்பு."

"யாருக்கு?"

"சடையப்பனுக்கு."

சொல்லிவிட்டேன், நண்டு. இத்தனை வருஷத்தில் அவர் பெயரை என் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட உன்னை முன்னால் தள்ளிச் சொல்லச் சொல்வேன். சட்டிக்கு என்ன வெட்கம்? சட்டி பொண்டாட்டி இல்லையே. இன்னும் ரெண்டு தடவை சொன்னேன். சடையப்பன், சடையப்பன். இனிப்பாக இருந்தது.

"அவர் சாப்பிட்டாரா?" என்றார் மேடம்.

"மாசா மாசம் துன்றாரு. அவுருக்கு ரொம்பிப் போச்சி. என்னத் தொறக்க வர்றவதான் தொறக்காமயே பூட்றா."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. சட்டி சொல்லிற்று. மேடம் மெதுவாக, "கனவுல பசின்னு சொன்னது அவர். ஆனா கனவு யாரோடது?" என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஷேர் ஆட்டோவில் வரும்போதுதான் உறைத்தது. ஜி.என்.டி. ரோட்டில் லாரி நகராமல் நின்றிருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் ஒயர் கூடையில் மீன் வைத்திருந்தார். அந்த வாசம்.

மாதம் பிறந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் ஒயர் கூடையில் மடவை போட்டுக்கொண்டு ஆரம்பாக்கத்துக்கு வருவாரே. நீ ஆசைப்பட்டு வயல்காரர் வீட்டில் கட்டிக்கொண்டு போனாய். அங்கே மீன் வாசம் ஆகாது என்று பின்கட்டு வழியாகக் கொடுத்துவிட்டு, வாசல்படி தாண்டாமல் திரும்பிவிடுவார். நான் குழம்பாகவே வைத்து அந்த உடைந்த சட்டியில் ஊற்றிக் கொடுத்ததும் உண்டு. அவர் போனதற்கு அப்புறம் அந்தப் பின்கட்டுக்கு யார் வந்தார்கள்? யாரும் வரவில்லை. உன்னை வா என்று கூப்பிடத் தாய்வீடு என்று ஒன்று இல்லாமல் போயிற்று. இருந்த ஒருத்தியும் உன்னைப் பொய்க்காரி என்றாள்.

பசி அவருக்கு இல்லை, நண்டு. ஊர்ச் சோறெல்லாம் திறந்து பார்க்கிறாய், அம்மா வீட்டுக் குழம்பு இல்லை. பசித்தது உனக்கு. நாம் இத்தனை மாதமாகத் தப்பான ஆளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தோம்.

அர்த்தம் நீதான் சொல்ல வேண்டும் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் இது என் புத்திக்குப் பட்டது, அவ்வளவுதான். இல்லை என்றால் இல்லை என்று எழுது. ஆமாம் என்றால் ஆடிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வா. இங்கே தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். படையல் கிடையாது. உனக்கு மட்டும்தான் இலை.

அண்ணி

ஆரம்பாக்கம்
31-7-2024

அண்ணி,

கடிதத்தைப் படித்துவிட்டு மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதேன். அர்த்தம் சரியா தப்பா தெரியாது. வாயில் எச்சில் ஊறியது, அது மட்டும் நிஜம்.

மாமியாரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் முறத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். "போய்ட்டு வா. உங்க அண்ணன் கூட ஒரு நாள் உள்ள வான்னு நான் வாய்விட்டு சொல்லி இருக்கலாம்" என்றார்கள். நான் எதிர்பார்க்கவே இல்லை.

வருகிறேன். தேவதர்ஷினியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவளுக்கு நாலு வயசாகிறது, முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆனால் சொல்லிவிட்டேன், சத்தியம் சத்தியம்தான். கற்பூரத்தின் மேல் பண்ணியது. வருவேன், சாப்பிடுவேன், போவேன். பேச மாட்டேன். நீயும் என் வாயைக் கிளறக் கூடாது. ஏதாவது வேண்டும் என்றால் கையால் காட்டுகிறேன்.

நண்டு

கும்மிடிப்பூண்டி
13-8-2024

நண்டுக்குட்டி,

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாயா? சட்டியைத் துணியில் சுற்றித்தான் கொடுத்தேன், ரயிலில் உடையாமல் போயிற்றா? தேவதர்ஷினி என் வளையல் ஒன்றைப் போட்டுக்கொண்டே போய்விட்டாள். இருக்கட்டும். அடுத்த தடவை வரும்போது இன்னொன்றையும் போட்டுக்கொண்டு போகட்டும்.

நான் சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டும் என்று பண்ணவில்லை. வாரம் மூன்று நாள் மீன் குழம்பு வைக்கிறவள் நான். புளி சரி, காரம் சரி. உப்பை மட்டும் எப்படி விட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ வந்ததிலிருந்து வாயை இறுக்கிப் பூட்டிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நானும் ஊமைக்குப் பரிமாறுவது போலப் பரிமாறினேன். முதல் வாய் வைத்தாய். கண்ணை மூடினாய். சரி, அழப் போகிறாள் என்று பார்த்தால், "உப்பு கம்மியா கீது, அண்ணி!"

சொல்லிவிட்டு நீ முழித்த முழி இருக்கிறதே! சத்தியம் போனதே என்று நீ தலையில் கை வைக்கிறாய், உன் பெண், "அம்மா பேசிட்ச்சி! அம்மா பேசிட்ச்சி!" என்று கை தட்டுகிறாள், நான் உப்பு ஜாடியைத் தேடிக்கொண்டு அடுப்பங்கரையில் நின்று அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல் நிற்கிறேன். அப்புறம் பேசினாயே, கூழ் ஊற்றிய பாட்டுச் சத்தத்துக்கு மேலே! சாப்பிட்டதைவிடப் பேசியதுதான் அதிகம்.

நேற்று கம்பெனி வாசலில் ஜெகனைப் பார்த்துச் சொன்னேன். "யக்கா, நீயா மறக்கல, உன் கை மறந்துச்சி. ஆழ்மனசு வேல காட்டிட்ச்சி" என்கிறான். ரெண்டு மாதம் உட்கார்ந்ததற்கே இவனுக்கு மேடம் ஆகிற நினைப்பு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் உப்பு ஜாடி கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது.

சத்தியத்தை நினைத்துக் கவலைப்படாதே. உன்னைத் தங்கச்சி இல்லை என்று சொல்ல உன் அண்ணனாலேயே முடியாது.

அண்ணி

ஆரம்பாக்கம்
2-9-2024

அண்ணி,

சட்டி பத்திரம். மாமியார் அதைக் கழுவி அவர்களே அடுக்கி வைத்திருக்கிறார்கள், திருப்பிக் கொடுக்கும்போது காலியாகக் கொடுக்கக் கூடாதாம், புது அரிசி போட்டுக் கொடுக்க வேண்டுமாம். சத்தியத்துக்கு அம்மன் கோயிலில் போய்ச் சூடம் ஏற்றித் தப்பு என்று சொல்லச் சொன்னார்கள். ஏற்றினேன்.

திருவள்ளூரில் உங்கள் மேடம் வைத்த கண்காட்சிக்குப் பரணிதரனோடு போயிருந்தேன். உனக்கு அன்று ஷிப்ட் என்றாய், அதனால் நாங்களே போய்விட்டு வந்தோம். கயிற்றில் துணி க்ளிப் போட்டு உங்கள் படங்களை எல்லாம் மாட்டியிருந்தார்கள். நீலப் படகைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். கீழே 'கனவு: கல்பனா. படம்: மணியம்மாள்' என்று எழுதியிருந்தது. என் பெயரையும் உன் பெயரையும் சேர்த்து யாரும் எழுதி நான் பார்த்ததே இல்லை. துண்டு அண்ணனேதான். ஆனால் என் மாமியாரை ஏன் அவ்வளவு குண்டாகப் போட்டாய்? அவர்கள் வந்திருந்தால் உன்னை வயலில் நட்டிருப்பார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். போனில் சொல்லலாம் என்று எடுத்தேன், வரவில்லை. உனக்கு எழுதிப் பழகிவிட்டது. நம் வீட்டில் சாப்பிட்டு வந்த நாளிலிருந்து அண்ணன் என் கனவில் வருவதில்லை. நல்ல தூக்கம் வருகிறது. காலையில் எழுந்தால் வயிறு நிறைந்தது போல இருக்கிறது. ஆனாலும் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது, அண்ணி. பசியோடாவது வந்துகொண்டிருந்ததே என்று இருக்கிறது. இப்படி நினைப்பது தப்பா?

அண்ணன் உன்னிடம் வந்துவிட்டதா? வந்திருந்தால் மறைக்காதே. நான் பொறாமைப்பட மாட்டேன். பட்டாலும் கொஞ்சம்தான் படுவேன்.

நண்டு

கும்மிடிப்பூண்டி
23-9-2024

நண்டு,

தப்பே இல்லை. நான் இத்தனை மாதம் பட்ட பொறாமையில் ஒரு ஆழாக்கு உனக்கும் தருகிறேன், வைத்துக்கொள்.

வந்தார்.

முந்தாநாள் விடிகிற நேரம். நம் பழைய வீட்டுப் பின்புறம். மழை விட்டிருக்கிறது. நான் கல்லில் உட்கார்ந்து மடவைக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். பூனை எதிரே உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் படகு விளிம்பில் அவர், முதுகைக் காட்டிக்கொண்டு. வலையை மடித்துக்கொண்டிருக்கிறார். தலையில் துண்டு. கழுத்தில் அந்த மச்சம். முகம் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்றும் எனக்கு இல்லை. அவர்தான் என்று தெரியும், அவ்வளவுதான். ஒரு தடவை இருமினார். குளிர்ந்த காற்றில் இருமுகிற இருமல், உனக்குத் தெரியுமே.

நான் நிமிர்ந்து பார்த்தேன். சரி, அவர் வேலையை முடிக்கட்டும், அதற்குள் உலை கொதித்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பவும் குனிந்து செதில் சுரண்டினேன். பூனைக்குக் குடலைப் போட்டேன். தண்ணீர் மொள்ள எழுந்தேன். அப்படியே முழித்துக்கொண்டேன்.

அழுகை வரவில்லை. முனையில் இட்லிக் குண்டானை இறக்கிவைக்கிற சத்தம் கேட்டது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு போய் நாலு இட்லி சாப்பிட்டேன். கார சட்னிக் கடைக்காரம்மா, "இன்னாமே, இன்னிக்கி மூஞ்சி தெளிவா கீது?" என்றாள். எங்கள் ஊர்க்காரர் ஒருத்தர் வந்துவிட்டுப் போனார் என்று மட்டும் சொன்னேன். டீயும் வாங்கிக் குடித்தேன். ஒரு நாள் முழுக்க மனசு நிறைந்த மாதிரியே வேலை பார்த்தேன். பெட்டி ஒட்டும்போது பக்கத்தில் இருக்கிறவள் பாடச் சொன்னாள், பாடினேன்.

நேற்று வட்டத்தில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்கள். மேடம், "மணியம்மா, இன்னிக்கு உங்க சொந்தக் கனவு இருக்கு போலயே. அந்த வலையா ஆகிப் பேசறீங்களா?" என்று கேட்டார். நான் சொன்னேன், இதை மட்டும் பேச வைக்க வேண்டாம் மேடம், இது இப்படியே இருக்கட்டும் என்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்படியே இருக்கட்டும்" என்றார். வரையவும் இல்லை. எல்லோரும் டீ குடித்துவிட்டுப் போனோம்.

உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். உன் கனவில் ஒரு பங்கு எனக்குக் கொடுத்தாய், என்னுடையதில் உனக்குப் பங்கு உண்டு.

ஆனால் ஒன்று எனக்கே விளங்கவில்லை. மேடத்திடம் கேட்டால் அர்த்தம் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்பார். அவரிடம் கேட்கலாம் என்றால் வருகிறவர் முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறார். நீதான் அவரைத் தெரிந்தவள், என்னையும் தெரிந்தவள். லுங்கியைத் தலைக்கு வைத்துக்கொண்டு இத்தனை மாதம் காத்துக் கிடந்தேன். வந்தால் இதைக் கேட்க வேண்டும், அதைச் சொல்ல வேண்டும் என்று எவ்வளவு சேர்த்து வைத்திருந்தேன். கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருந்த மனுஷனை ஒரு தடவை கூப்பிட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லையே, அது ஏன் நண்டு?